எட்டு நிமிடத்தில் முடிந்த படம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று நிச்சயமில்லை. நேரங்கள் நினைவில் உள்ளன. ஆறு ஐம்பதுக்குப் பொத்தானை அழுத்தினேன், ஆறு ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. அதைப் பலர் பலமுறை பெருமையாகச் சொல்லிக் கேட்டுவிட்டேன், இனி மறக்க முடியாது. அழுத்துவதற்கு முந்தைய ஒரு நொடிதான் தெளிவாக இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் இருந்தது. அதை நான் பார்த்தேனா என்று ஒன்பது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் பார்த்தேன் என்று தோன்றுகிறது. சில நாள் இல்லை.

நானும் என் கூட்டாளி தெல்ஃபினும் மணிலாவுக்குத் தெற்கே இலோய்லோ நகரத்தில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கேமரா, பேச்சு, பேரம் மூன்றும் அவனுடையவை. எடுத்ததை வெட்டிச் சேர்ப்பது என் வேலை. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மணப்பெண் கூந்தலைச் சுருட்டுவதில் தொடங்கி மதியம் தேவாலயத்தில் மோதிரம் போடுவதுவரை எடுத்த எல்லாவற்றையும், அன்று மாலை விருந்திலேயே நாலு நிமிடப் படமாகப் போட்டுக் காட்டிவிட வேண்டும். அதற்கு ‘சேம்-டே’ என்று பெயர். மூன்று மணி நேரத்துக்கு முன் தாங்கள் அழுததைப் பார்த்து எல்லோரும் மறுபடி அழுவார்கள். இதில் என்ன இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை, சம்பளம் கிடைத்தது.

எங்கள் லேப்டாப் தெல்ஃபினின் அக்கா குவைத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாக எழுதி முடிக்கும் கடைசி வேலைக்கு ரெண்டர் என்று பெயர். நாலு நிமிடப் படத்தை எழுத அது ஐம்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒரு நீலப் பட்டை நகரும். நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, நகர்ந்திருப்பதைத்தான் பார்க்க முடியும். நான் அதற்கு எதிரில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். தெல்ஃபினுக்கு அது ஆகாது.

“மெஷின் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நீ பக்கத்துல உக்காந்து செபம் வாசிக்கிற மாதிரி இருக்கு” என்பான்.

மே மாதம் ஓத்தோனில் நடந்த கல்யாணத்தில் அது எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது. தொட்டால் சுட்டது. கேக் உருகாமல் இருக்க வைத்திருந்த மின்விசிறியைத் தெல்ஃபின் தூக்கிக்கொண்டு வந்து லேப்டாப்பின் பக்கம் திருப்பினான். பத்து நிமிடத்தில் கேக்கின் மேல் அடுக்கு சரிந்து, பொம்மை மாப்பிள்ளை முகங்குப்புற விழுந்தான். லேப்டாப் எண்பத்தொன்றுவரை போய் மறுபடி நின்றது. விருந்தினர்கள் மிச்சமிருந்த சுட்ட பன்றி லெச்சோனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். படம் முடிந்தபோது மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கல்யாண ஏற்பாடுகளைக் கவனித்தவர் மனாங் பெர்பெத்துவா. எங்கள் ஊரில் மூத்த பெண்களை மனாங் என்றும் ஆண்களை மனோங் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவோம். எங்களுக்கு வரும் வேலையில் பாதி அவர் மூலமாக வருவது. அவர் கத்தவில்லை, ‘தோதோ’ என்று தம்பியைக் கூப்பிடுகிற மாதிரிதான் தொடங்கினார்.

“தோதோ, அடுத்த மாசம் ஹனிலின் கல்யாணம். அதுலயும் இப்பிடின்னா உங்க நம்பர அழிச்சிருவேன். கோவத்துல இல்லப்பா. என் போன்ல எடமில்ல.”

புது லேப்டாப்புக்கு எண்பதாயிரம் பெசோ வேண்டும். எங்களிடம் ஆறாயிரம் இருந்தது. ஆறாயிரத்தோடு தெல்ஃபினின் சித்தி மகன் வெண்டலிடம் போனோம். சந்தைக் கட்டடத்தின் மாடியில், பல்செட் செய்கிறவருக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில் அவன் கடை. பின்மூடியைக் கழற்றினான். தூசி ஒரு துணி மாதிரி முழுசாக உரிந்து வந்தது. விசிறிக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டைகள்.

“மெதுவா ஓடுதுன்னு சொன்னியேடா தெல்ஃபின். பிரசவ வார்டுல எப்பிடிடா வேகமா ஓட முடியும்?”

“பேசாம வேலையப் பாரு. எவ்வளவு ஆவும்?”

“முட்டைக்கு காசில்ல.”

தூசியைத் துடைத்தான். சிப்பின் மேல் காய்ந்து பொடியாகிக் கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினான். பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய ரேம் ஒன்றைச் சேர்த்தான். சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாத டிஸ்க் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பிடித்துப் போட்டான். அதோடு ஆறாயிரம் முடிந்தது. பிறகு கேமராவைக் காட்டச் சொன்னான். மெனுவில் நாலு பக்கம் தள்ளிப் போய் ஒரு வரியில் நிறுத்தினான்.

“இதப் போட்டா கேமராவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் பெரிய ஃபைலோட கூடவே ஒரு சின்ன ஃபைலும் எழுதும். சின்னத வெச்சு வெட்டு, பறக்கும்.”

“இது எப்போலேர்ந்து இருக்கு?” என்றான் தெல்ஃபின்.

“நீ வாங்கின நாள்லேர்ந்து.”

“இதுக்கு எவ்வளவு?”

“ஒண்ணுமில்ல. மெனுவப் படிக்கணும், அவ்வளவுதான்.”

தெல்ஃபின் கேமராவை வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தான். அவனைப் பொறுத்தவரை அது அபூர்வம்.

வெண்டல் என் பக்கம் திரும்பினான். “செல்மோ, ஒண்ணு மட்டும் மறந்துராத. கடைசி ரெண்டருக்கு முன்னாடி இந்தக் கட்டத்துல இருக்கிற டிக்க எடுத்துரணும். எடுத்தாத்தான் பெரிய ஃபைல்லேர்ந்து எழுதும். விட்டுட்டன்னா சின்னதுலேர்ந்தே எழுதிரும். போன்ல ஓடும், ஆனா மண்டபத்துத் திரையில கஞ்சித்தண்ணி மாதிரி தெரியும்.” ஒரு துண்டுக் காகிதத்தில் ‘டிக்கை எடு’ என்று எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினான். பழைய கல்யாணப் படம் ஒன்றைப் போட்டுச் சோதித்தோம். நாற்பது நிமிடம். பதினைந்து நிமிடம் மிச்சம் என்பதைக் கொண்டாட மூவரும் பட்சோய் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டோம்.

ஹனிலினின் கல்யாணத்தன்று காலை அவள் வீட்டுக்குப் போனபோது தலை முழுக்கச் சுருட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். நர்ஸாக வேலை பார்க்கிறவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

“மனோங், நீங்கதானே வெட்டறது? எங்கப்பா ஏழரைக்கு ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிருவாரு. கப்பல் அடுத்த வாரம்னு சொல்லிட்டு இன்னிக்கே மணிலாவுக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“தெரியும். மனாங் பெர்பெத்துவா சொன்னாங்க.”

“நான் காலேஜ்ல மெடல் வாங்கினது, பட்டம் வாங்கினது எல்லாம் அவரு போன்லதான் பாத்தாரு. ‘லிங்க் அனுப்பறேம்ப்பா’ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. இந்த ஒண்ணையாவது எம் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். ஏழரைக்கு முன்னாடி முடியுமா?”

முடியும் என்றேன். அந்த லேப்டாப்பை அறிந்த ஒருவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் அப்பா மனோங் மக்காரியோ வாசலில் நின்றிருந்தார். கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். கல்யாணத்துக்குப் போடும் பாரோங் சட்டையில், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்போல நின்றார். மகள் கடந்துபோகும்போதெல்லாம் சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

தேவாலயத்தில் தெல்ஃபின் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிய அறையில் இருந்தேன். பகலெல்லாம் அங்கே காற்றில்லை. வெண்டல் ஒட்டிய துண்டுக் காகிதம் சூட்டில் பசை விட்டு மேசையில் விழுந்தது. அதை எடுத்து என் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடையாளமாக வைத்தேன். இது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மெமரி கார்டு மூன்று மணிக்கு வந்தது. சின்ன ஃபைல்களை வைத்து வெட்டுவது வெண்ணெய் வெட்டுவதுபோல இருந்தது. அப்பாவும் மகளும் பீடத்தை நோக்கி நடக்கும் ஷாட்டைப் பார்த்தபோது கை நின்றது. பாதி வழியில் மனோங் மக்காரியோ தலையைக் குனிகிறார். இடது கை மெல்ல மேலே எழுகிறது. சின்ன ஃபைலில் முகம் ஏழெட்டுக் கட்டங்களாகத்தான் தெரிந்தது, ஆனால் கண்ணைத் துடைக்கிறார் என்பது புரிந்தது. அந்த இடத்தைப் பாதி வேகத்துக்கு மாற்றி வயலினைச் சேர்த்தேன். நான் நெகிழ்ந்தேன் என்று சொல்வதற்கில்லை. மற்றவர்கள் நெகிழ்வார்கள் என்று தெரிந்தது.

ஐந்து மணிக்குத் தெல்ஃபின் வந்து, அதுவரை வெட்டியதைத் தன் போனில் பார்க்க வேண்டும் என்றான். அவசரத்துக்கு டிக்கை அப்படியே விட்டு, சின்ன ஃபைல்களிலிருந்தே ஒரு படத்தை எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “கெழவன் அழற எடம் போதும்டா, நமக்குச் சோறு கெடைக்கும்” என்று சொல்லி ஓடினான்.

முழுப்படத்தையும் வெட்டி முடித்தபோது ஆறு ஐம்பது. நாற்பது நிமிடம் சேர்த்தால் ஏழரை. அதாவது படம் தயாராகும் நிமிடமும் கார் கிளம்பும் நிமிடமும் ஒன்று. அறையில் நாலு பேர் இருந்தோம். வெண்டல் தன் வைத்தியம் எப்படி என்று பார்க்கவும் லெச்சோன் சாப்பிடவும் வந்திருந்தான். மனாங் பெர்பெத்துவா கடிகாரத்தைப் பார்த்தபடி கதவில் நின்றார். தெல்ஃபின் பியர்த் தொட்டியிலிருந்து ஐஸ் அள்ளிப் பையில் கட்டி, துண்டு சுற்றி, லேப்டாப்புக்கு அடியில் வைத்தான்.

நான் அழுத்தினேன்.

பட்டை நகர்ந்தது. நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது. நல்ல செய்திக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று அப்போது என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தையா வேறு பக்கத்தையா, தெரியாது.

“இருபது சதவீதம். ஒன்னரை நிமிஷத்துல” என்றான் வெண்டல். “பசைடா. நல்ல பசை போட்டா இப்பிடித்தான்.”

“ஐஸ்” என்றான் தெல்ஃபின். “பசை போன வாரமே போட்டது. அப்ப ஏன் நாப்பது நிமிஷம் ஆச்சு?”

“ஐஸ் வெச்சா மெஷின் ஓடும்னா மீன்காரன்ல பெரிய எடிட்டரா இருப்பான்?”

“சும்மா இருங்கப்பா ரெண்டு பேரும்” என்றார் மனாங் பெர்பெத்துவா. “காலைல நான் கண்டெலாரியா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். பெரிய மெழுகுவத்தி.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசாமலிருப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. அது என் குணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. தெல்ஃபின் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

மண்டபத்தில் விளக்குகள் அணைந்தபோது நான் பின்னால் தூணோரம் நின்றேன். மனோங் மக்காரியோ மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கால்களுக்கிடையில் பயணப்பை. படம் தொடங்கியது. பன்னிரண்டு அடித் திரையில் மணப்பெண்ணின் முகம் நனைந்த செய்தித்தாள் மாதிரி கரைந்து கிடந்தது. பூக்கள் கறையாகத் தெரிந்தன. பாதிரியார் ஒரு வெள்ளை உருண்டை.

தெல்ஃபின் இருட்டில் தடவிக்கொண்டு என்னிடம் வந்தான். “டேய், என்னடா இது? ஏன் இப்பிடி மங்கலா இருக்கு?”

“டிக்கை எடுக்கல.”

“எந்த டிக்க?”

அவனுக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. “அப்ப பசை இல்லையா? ஐஸும் இல்லையா?”

“இல்லை.”

“மாதாவும் இல்லையா?”

“அது எனக்குத் தெரியாது.”

நிறுத்திவிடலாமா என்று அவன் கேட்டபோது எங்களுக்கு முன்னால் இருந்த மேசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். “கனவு மாதிரி எடுத்திருக்காங்க பாரும்மா. என் மகனுக்கும் இவங்களத்தான் சொல்லணும்” என்றாள். திரையில் அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். கை மெல்ல, மெல்ல எழுந்தது. மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஹனிலின் அப்பாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. ஆச்சரியம் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

ஏழு இருபதுக்கு, பையைத் தோளில் மாட்டியபடி அவர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

“யாருப்பா இத வெட்டினது?”

“நான்தான் மனோங். மன்னிக்கணும், ஒரு தப்பு நடந்துபோச்சு. இது சின்ன ஃபைல். நாளைக்கு நல்லதா, தெளிவா எழுதி அனுப்பறேன்.”

“இது எவ்வளவு பெருசு?”

“நாப்பது எம்பி.”

“அப்ப என் போன்ல அடங்கும், கப்பலுக்கும் வரும்” என்று போனை நீட்டினார். ஏற்றிக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

“அவ பட்டம் வாங்கினதையும் நான் இப்பிடித்தான் பாத்தேன். கட்டம் கட்டமா. மொகம் நிக்கும், குரல் மட்டும் ஓடும். காலைல அவள நேர்ல பாத்தப்போ கண்ணு கூசுச்சு, என்ன பேசறதுன்னே தெரியல. இப்ப திரையில பாத்ததும்தான் நம்ம புள்ளன்னு நெனப்பு வந்துச்சு.”

நான் தலையாட்டினேன்.

“தெளிவானது வேணாம்ப்பா” என்றார். “அவளுக்கும் இதையே குடு.”

“அவங்க கேப்பாங்க மனோங்.”

“இதையே குடு.” என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். ஏழரைக்குக் கார் கிளம்பியது. ஹனிலின் வாசலில் நின்று கையசைத்தாள். தெல்ஃபின் அதையும் எடுத்தான்.

மறுநாள் காலை டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரெண்டர் போட்டேன். நாற்பத்தொரு நிமிடம். புத்தகம் படிக்கவில்லை, பட்டையைப் பார்த்தபடி இருந்தேன். முடிந்ததும் ஓடவிட்டேன். எல்லாம் துல்லியமாக இருந்தது. பூவின் ஒவ்வொரு இதழும், மாப்பிள்ளையின் கன்னத்தில் சவரக் கத்தி பட்ட கீறலும் தெரிந்தன. அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். பாதி வழியில் மனோங் மக்காரியோ தலையைக் குனிந்தார். இடது கை மெல்ல எழுந்தது. பாரோங்கின் கைப்பகுதி பின்னால் நழுவியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாதி வேகத்தில், வயலினோடு, நிதானமாக மணி பார்த்தார். முள் இரண்டு பதினேழில் இருந்தது. அதைக்கூடப் படிக்க முடிந்தது.

ஒன்பது மணி விமானத்தைப் பிடிக்க வேண்டிய ஒரு மனிதர் மணி பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அதைப் பன்னிரண்டு அடி உயரத்தில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மட்டும் யோசித்தேன். நான் செய்த தப்பை அவர் முந்தின இரவே என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். பிறகு, முந்தின மாலை அந்தக் கட்டம் இருந்த இடத்தில் என் கண் நின்றதா என்று நினைத்துப் பார்த்தேன். நின்றதாகத் தோன்றியது. அப்படியே நின்றிருந்தாலும் கடிகாரத்துக்காக இருந்திருக்க முடியாது. எனக்கும் அது கண்ணீராகத்தானே தெரிந்தது. பட்டை வேகமாக நகர வேண்டும் என்று நான் விரும்பியிருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து ஹனிலின் போன் செய்தாள்.

“மனோங், தெளிவானது ஒண்ணு இருக்கும்னு தெல்ஃபின் சொன்னாரே?”

அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

“அது சரியா வரலம்மா. இதுதான் படம்” என்றேன்.

“இதுவே நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மனாங் பெர்பெத்துவா எங்கள் எண்ணை அழிக்கவில்லை. அடுத்த நாலு கல்யாணக்காரர்களும் ‘அந்தக் கனவு மாதிரி’ வேண்டும் என்றார்கள். தெல்ஃபின் அதற்கு ‘கனவு நடை’ என்று பெயர் வைத்து மற்றதைவிட ஆயிரம் பெசோ கூடுதலாகக் கேட்டான். அதன்பின் எங்களுக்கு எந்தக் கல்யாணத்திலும் ரெண்டர் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. எண்பதாயிரம் அப்போது தேவைப்படவும் இல்லை.

மனோங் மக்காரியோ மேலும் ஐந்து வருடம் கப்பலில் இருந்துவிட்டு முதுகு வலியோடு வீட்டுக்கு வந்தார். இப்போது கோழி வளர்க்கிறார். ஹனிலின் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அப்பாவை வாரம் ஒருமுறை போனில் பார்க்கிறாள். வெண்டல் தன் கடைப் பலகையில் ‘55 நிமிடம் – 8 நிமிடம்’ என்று எழுதி வைத்தான். கூட்டம் வந்தது, யாருக்கும் எட்டு நிமிடம் வரவில்லை, பலகையை அவன் எடுக்கவும் இல்லை. மனாங் பெர்பெத்துவா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெரிய மெழுகுவத்தி ஏற்றுகிறார். தெல்ஃபின் புது லேப்டாப் வாங்கிவிட்டான். அது தெளிவான படத்தை ஆறு நிமிடத்தில் எழுதிவிடுகிறது, அதைக் கனவு நடைக்கு மங்கலாக்க இன்னும் நாலு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நான் இப்போது ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தெளிவான படம் பழைய டிஸ்க்கில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை.